ஆடித் தள்ளுபடி

நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று திரை நிறைய எழுதி, அதன் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்கள். இழுக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம் வேறு. அந்த விலைக்கு எவன் எப்போது வாங்கினான், அடிப்பதற்கென்றே எழுதுகிற விலைதானே அது, மரகதத்துக்குத் தெரியாதா என்ன. முதலில் ஒன்றைத் தூக்கி உயரத்தில் வைத்துவிட வேண்டும், அப்புறம் எங்கே இறக்கி வைத்தாலும் பார்க்கிறவளுக்கு லாபம் மாதிரித்தான் இருக்கும். "அக்கா, இது முலாம்னு நீங்களா வாயைத் திறந்து சொன்னாத்தான் தெரியும்" என்று டி.வி.யில் அந்தப் பெண் கழுத்தில் கிடந்த ஆரத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். ஆரம், நெக்லஸ், கம்மல், வளையல், ஒட்டியாணம் எல்லாம் சேர்த்து ஒரே செட். ஆடி பிறப்பதற்கு முன்பே ஆடித் தள்ளுபடி. கீழே ஒரு கட்டத்துக்குள் நேரம் பத்து நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆடியில் எல்லாம்தான் இறங்கும், சேலை இறங்கும், பாத்திரம் இறங்கும், ஃப்ரிட்ஜ் இறங்கும் என்று நினைத்துக்கொண்டே போனவள், அந்த நினைப்பு அடுத்ததாக எங்கே போய் நிற்கும் என்று தெரிந்து, சட்டென்று மடியில் கிடந்த போனைப் பார்த்தாள். சும்மா கிடந்தது. சார்ஜ் இருக்கிறதா, இருக்கிறது. சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறதா, இல்லை. காலையில் எதிர்வீட்டுச் செண்பகத்தை விட்டு ஒரு தடவை அடிக்கச் சொல்லிக்கூடப் பார்த்தாயிற்று, வீடே அதிர்கிற மாதிரி அடிக்கத்தான் செய்கிறது. தென்காசிக்காரர்கள்தான் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தது, இன்றைக்குச் சனிக்கிழமை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும்போது பெண்ணின் அப்பா, "கலந்து பேசிட்டுச் சொல்லுங்க" என்றார். இவளும் விடாமல், "நீங்களும் கலந்துக்கிட்டுச் சொல்லுங்க" என்றாள். முதலில் வாயைத் திறக்கிறவன் இறங்கிப் போனவன், அது அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்துப் பழகிய விஷயம். திங்கட்கிழமை கூப்பிட்டுவிடுவார்கள் என்று இருந்தாள். செவ்வாய் நல்ல நாள் இல்லை, விட்டிருப்பார்கள். புதன் எதற்கு விட்டார்கள்? வியாழக்கிழமை தரகர் மட்டும் கூப்பிட்டு, "அவுகளுக்கும் ரெண்டு மூணு எடம் வந்துக்கிட்டுதான் இருக்குக்கா" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்த வார்த்தை அன்றையிலிருந்து தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. மகன் ஆவுடையப்பனுக்கு வருகிற ஐப்பசி வந்தால் முப்பத்தொன்பது. கண்ணாஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை, வெற்றிலைகூடப் போடமாட்டான், வீடு சொந்தம், ஒரே பிள்ளை. இதையெல்லாம் அவள் தரகர்களிடம் எத்தனை தரம் ஒப்பித்திருப்பாள், அந்த டி.வி.க்காரி ஒட்டியாணத்தைச் சொல்லுகிற மாதிரியே. முன்பெல்லாம் கேட்டுவிட்டு, "பொண்ணு போட்டோ அனுப்புதோம்" என்பார்கள். இப்போது, "மாப்பிள்ளைக்கு முன்னால முடி கொஞ்சம் கம்மியோ?" என்கிறார்கள். குளிக்கும்போதும் அரிசி களையும்போதும் அவளுக்கு ஒரே காட்சிதான் வருகிறது. அவள் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு சாயங்காலம், ஆவுடை வேலை விட்டு வந்து, தானே பூட்டைத் திறந்து, தானே லைட்டைப் போட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நிற்கிறான். அவ்வளவுதான் காட்சி. அதற்குமேல் அவளால் பார்க்க முடியாது.

செண்பகம் இப்போது பக்கத்தில் இருந்தால் வாய் ஓயாது. இந்தச் சேனலில் வாங்காத சாமான் இல்லை அவள், திட்டாத நாளும் இல்லை. "அந்த மீசைக்காரன் விக்க வந்தா வட்டிக்காரன் மாதிரில்லா கத்துதான், நான் சேனலையே மாத்திருவேன். இவ வந்தா நம்ம வீட்டுப் புள்ள சொல்லுத மாதிரியே இருக்கா, அதுல ஏமாந்துருதேன்" என்பாள். கீழ்வீட்டு டீச்சருக்கு அது ஆகாது. "சிரிக்கதுக்குத் தனிச் சம்பளம்க்கா அவளுக்கு. நல்லாப் பாருங்க, வெல சொல்லும்போது மட்டும் கண்ணு சிரிக்காது" என்பாள். ஒரு தடவை செண்பகம் தரை துடைக்கிற மாப் வாங்கினாள், இன்னும் நாலே பேருக்குத்தான் என்றதும் ஓடி ஓடி வாங்கினாள். மறுவாரமும் நாலே பேருக்குத்தான், அதற்கு மறுவாரமும் நாலே பேருக்குத்தான். மாடிப்படியில் உட்கார்ந்து பெண்கள் எல்லாரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. மரகதமும் சிரித்தாள். ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்களுக்கெல்லாம் அவள் டி.வி. வைத்த பெயரில் பிரமி. மரகதத்துக்குத்தான் தெரியும், அவள் அம்பாசமுத்திரம் பிரமநாயகி. முதல் நாள் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தை வைத்து இல்லை, பேச்சை வைத்து. அன்றையிலிருந்து மத்தியானம் ஆனால் கை தானாகப் போய் அந்தச் சேனலைப் போடுகிறது. போட்டதும் அவள் முதலில் பார்ப்பது கழுத்தை. தாலி கிடக்கிறதா. ஒரு நாளும் தெரிந்ததில்லை. விற்கிற நகைக்கு அடியில் எது கிடந்தால்தான் எப்படித் தெரியும், கல்யாணம் ஆகியிருக்கும், ஆகாமலா இருக்கும், ஆகியிருந்தால் தனக்கு என்ன, ஆகாவிட்டால்தான் தனக்கு என்ன. மறுநாளும் பார்ப்பாள்.

ஆவுடைக்கு அப்போது இருபத்தொன்பது. அம்பாசமுத்திரத்தில் அந்த வீட்டு மச்சில் உட்கார்ந்திருந்தபோது, கூட வந்த பெரியப்பா மரியாதைக்கு ஒன்று கேட்பது போல், "பாப்பாக்குப் பாடத் தெரியுமா?" என்றார். "பாடத் தெரியாது பெரியப்பா, பேசத் தெரியும்" என்றாள் பிரமநாயகி. அத்தோடு விட்டாளா, ஆவுடையைப் பார்த்து, "உங்க ஆஸ்பத்திரியில கண்ணாடி போடாத ஆளு ஒருத்தராவது உண்டா?" என்று கேட்டாள். ஆவுடை வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்பா செத்தபிறகு அந்தச் சிரிப்பை மரகதம் கேட்டதே இல்லை, அதனால்தானோ என்னவோ அது அவளுக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "எனக்குச் சரிம்மா, சொல்லிரு" என்றான். "இரு எய்யா, எறங்கின உடனே சொன்னா நம்மள மட்டமா நெனப்பாவ. ஆடி பொறக்கப்போவுது, ஆடி போகட்டும்" என்றாள். எல்லாரும் செய்வதுதான், அவள் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை. பெண் வீட்டில் நாற்பது பவுன் சொல்லியிருந்தார்கள், ஆடி முழுக்கக் காக்க வைத்தால் ஆவணியில் ஐம்பதாகும், இது ஊரறிந்த விஷயம், யாரும் யாரையும் கொன்றுவிடவில்லை. பெண்ணின் அப்பா இரண்டு தடவை போன் செய்தார். இரண்டாவது தடவை, "இன்னொரு எடமும் வந்திருக்கு, பாத்துட்டுச் சொல்லுதோம்" என்றாள். இன்னொரு இடம் எங்கே வந்தது, ஒரு இடமும் வரவில்லை. மூன்றாவது தடவை அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "அத்தை, நான் பிரமநாயகி பேசுதேன். இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லிருங்க அத்தை. அப்பா போனுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்காவ, எந்திரிச்சுச் சாப்பிட வரமாட்டேங்காவ." மரகதத்துக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "பொம்பளப் புள்ள போனு பண்ணிக் கேக்கது நல்லாவா இருக்கு?" என்று வைத்துவிட்டாள். ஆவணி பிறந்ததும் நாள் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அவளாகவே போன் செய்தாள். பெண்ணின் அப்பா நல்ல மரியாதையோடு, "வேண்டாம்மா, நாங்க விட்டுட்டோம்" என்றார். ஆவுடையிடம், "அவுக வேற எடம் பாத்துட்டாவ" என்றாள். அவன் "சரிம்மா" என்றான். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாலும் அவன் வாயைத் திறப்பதில்லை, "ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்பதோடு சரி. அது அம்மா மேல் உள்ள மரியாதை என்று அவள் செண்பகத்திடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மரியாதைதான். வேறென்னவாக இருக்கும்.

"லைன் எல்லாம் பிஸியா இருக்குக்கா, கிடைக்கலன்னா விட்றாதீங்க, திரும்பத் திரும்ப அடிங்க" என்றாள் டி.வி.யில் பிரமி. பின்னால் மணியாக அடிக்கிறது. அது பதிவு செய்து வைத்த மணி என்று டீச்சர் சொல்வாள், செண்பகமோ தனக்கு உண்மையிலேயே லைன் கிடைத்ததில்லை என்று அடித்துச் சொல்வாள். எது நிஜம், யார் கண்டது. அங்கேதான் மரகதத்துக்குச் சிக்குகிறது. ரெண்டு மூணு எடம் வந்துக்கிட்டுதான் இருக்கு என்று தரகர் சொன்னது சும்மா ஒரு பேச்சுக்குத்தான், அவர்களும் காக்க வைத்துப் பார்க்கிறார்கள், அவள் செய்ததைத்தான் அவளிடமே செய்கிறார்கள், பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வழிக்கு வந்துவிடுவார்கள். சரி. அவள் சொன்னது பொய். அதற்காகத் தென்காசிக்காரர்கள் சொல்வதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நிஜமாகவே இரண்டு மூன்று இடம் வந்திருந்தால்? அதில் ஒருத்தன் முப்பத்திரண்டு வயசுக்காரனாக, தலை நிறைய முடியோடு இருந்தால்? இந்த நிமிஷம் அங்கே கூடத்தில் உட்கார்ந்து அவன் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தால்? பொய்யென்றால் சும்மா இருப்பது நல்லது, நிஜமென்றால் சும்மா இருப்பது பைத்தியக்காரத்தனம், ஆனால் பொய்யா நிஜமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை, அப்படியானால் அது பொய்யா நிஜமா என்று மறுபடியும் முதலிலிருந்து வந்தாள். கட்டத்துக்குள் நேரம் இறங்கி இறங்கிச் சைபருக்கு வந்தது. வந்த உடனே மறுபடி பத்து நிமிடம் என்று காட்டியது. "நேயர்கள் விருப்பத்துக்காக இன்னும் பத்தே நிமிஷம்!" என்று கையைத் தட்டினாள் பிரமி. மரகதத்துக்குச் சிரிப்பு வந்தது. செண்பகம் இருந்தால் இந்நேரம் டி.வி.யைப் பார்த்து நாலு வசவு விட்டிருப்பாள். டி.வி.யில் நேரம் திரும்ப வரும், என் பிள்ளைக்கு ஒரு ஐப்பசி போனால் போனதுதான் என்று அடுத்தாற்போல் தோன்றியதும், சிரித்த வாய் அப்படியே நிற்க, போனை எடுத்துத் தென்காசி நம்பரை அழுத்திவிட்டாள்.

"எம்மா, மைனியா! சொல்லுங்க சொல்லுங்க" என்றாள் பெண்ணின் அம்மா சங்கரவடிவு. "ஒங்க போனுக்குத்தான் ஒரு வாரமாக் காத்துக்கிட்டு இருக்கோம்."

குரலில் அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் மரகதத்தின் காது அப்படிப் பழகிய காதில்லை. இவ்வளவு இனிப்பாக யார் பேசுவார்கள், விற்கிறவர்கள்தான் பேசுவார்கள். ஒரு வாரமாகக் காத்திருக்கிறார்கள் என்றால் வேறு இடமும் இல்லை ஒன்றும் இல்லை. அப்போ கை நம் பக்கம் என்று அவளுக்குள் என்னவோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஒண்ணுமில்ல மைனி, இங்க சாத்தூர்ல இருந்து ஒரு எடம் வந்து நிக்கு. அவுக நல்லாவே செய்யுதோம்ங்காவ. நான்தான், தென்காசியில ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்னு நிறுத்தி வெச்சிருக்கேன். நாளைக்குள்ள நீங்க ஒரு முடிவாச் சொல்லிட்டா நல்லா இருக்கும், பாத்துக்கிடுங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்து அடங்கியது.

"சாத்தூரா மைனி? மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையே."

"அவனுக்கு என்ன மைனி தெரியும். இதெல்லாம் நம்ம பேசுத பேச்சு."

"சரி மைனி" என்றாள் சங்கரவடிவு. முன்னால் இருந்த குரல் இல்லை. "அவுக வெளியே போயிருக்காவ. வந்ததும் சொல்லுதேன்."

வைத்த பிறகு கொஞ்ச நேரம் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. சாத்தூர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம், சாத்தூரில் அவளுக்கு ஒரு ஈ காக்கை தெரியாது. சேவு வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். நாளைக்குள் என்று கெடு வேறு வைத்தாயிற்று, சாயங்காலமே பெண்ணின் அப்பா ஓடி வந்து போனைப் போடுவார் பார். டி.வி.யில் பிரமி ஒட்டியாணத்தைக் கழற்றி உள்பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையே. மாப்பிள்ளை என்கிறார்கள், ஒன்றும் முடியவில்லை, அதற்குள் மாப்பிள்ளை. அதுவும் ஒரு பேச்சு சாமர்த்தியம்தான், பிரமி எல்லாரையும் அக்கா என்கிற மாதிரி. ஆனால் ஒண்ணும் சொல்லலையே என்றால்? அவன் எதற்கு அவர்களிடம் சொல்லப்போகிறான்? எப்போது சொல்வான்? அன்றைக்கு அவனும் அந்தப் பெண்ணும் பத்து நிமிஷம் மொட்டைமாடியில் தனியாகப் பேசினார்கள், இப்போதெல்லாம் அது வழக்கமாகிவிட்டது, நம்பர் வாங்கிக்கொண்டானோ என்னவோ, வாங்கிக்கொண்டால்தான் என்ன. விசில் அடித்த குக்கரில் என்ன வைத்திருந்தாள் அந்த அம்மா. எவ்வளவு சந்தோஷமாக எடுத்தாள். அந்தச் சந்தோஷம் நிஜமாக இருந்திருந்தால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வந்தது.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை அரைநாள், ஆவுடையப்பன் வந்துவிட்டான். ரிமோட் எங்கே, தலையணைக்கு அடியிலா, இதோ இங்கேதானே வைத்தேன். அவன் இருக்கும்போது அவள் இந்தச் சேனலைப் போட்டதே இல்லை. அவன் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இருக்கட்டும்மா. மாத்தாண்டாம்."

"சும்மா ஓடுது எய்யா, நான் ஒண்ணும் பாக்கல."

அவன் கொஞ்ச நேரம் டி.வி.யைப் பார்த்தான். அவளோ அவனைப் பார்த்தாள், அவன் முகத்தில் ஒன்றும் இல்லை, தெரிந்த ஊர் வழியாக பஸ் போகும்போது பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. தென்காசிக்கு நான் சரின்னு சொல்லிட்டேன்."

"எப்ப?"

"ஞாயித்துக்கெழமையே. மொட்டைமாடியில வெச்சே உலகம்மைக்கிட்ட. அப்புறம் அவ அப்பாகிட்டயும் பேசினேன். நகை நட்டு ஒண்ணும் கேக்கமாட்டோம்னும் சொல்லிட்டேன். அம்மா நல்ல நாள் பாத்து முறையா போன் பண்ணுவான்னு சொல்லியிருக்கேன்."

"என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"ஒரு தடவை ஒன்கிட்டதானே சொன்னேன்" என்றான்.

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் பிடித்துக்கொண்டிருப்பாள், பதிலுக்கு ஒரு மூச்சு அழுதாவது இருப்பாள். இல்லை. அம்பாசமுத்திரத்துக் கதை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்தது, யார் சொன்னது, அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கே போன் செய்தாளா, இத்தனை வருஷமும் சோற்றைப் பிசைந்துகொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தானா.

"சொன்னா நீ உடனே போனைப் போட்டு ஏதாவது கேட்டுருவியோன்னு பயமா இருந்துச்சும்மா. இன்னைக்குச் சொல்லிருவோம்னுதான் வந்தேன்."

முப்பத்தெட்டு வயசுப் பிள்ளை, அம்மாவிடம் பயமாக இருந்தது என்கிறான். சொல்லிவிட வேண்டும், இப்போதே, இந்த நிமிஷமே என்று அவள் வாயெடுப்பதற்குள் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அம்பாசமுத்திரத்துக்குப் பிறகு அவள் பார்க்காத சிரிப்பு.

"சொல்லு" என்றான். கேட்டான். "யாரு? எங்கம்மாவா?" என்றான். மறுபடி கேட்டான். சிரிப்பு மெதுவாக இறங்கிப் போனது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவளைப் பார்த்து, "சாத்தூர்ல இருந்து எடம் ஏதாவது வந்திருக்காம்மா?" என்று கேட்டான். வந்தாலும் வந்திருக்கலாம் என்பது போலத்தான் கேட்டான். அதுதான் அவளைக் கொன்றது. ஆமா எய்யா, வந்தாவ, நான்தான் வேண்டாம்னுட்டேன், மைனி தப்பா வெளங்கிக்கிட்டாவ போலிருக்கு. எவ்வளவு சுலபம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, முழுசாக, தயாராக, ஒரு சொல்லை மாற்ற வேண்டியதில்லை. சொன்னால் அவன் நம்புவான். நம்புகிற மாதிரி தலையை ஆட்டுவான்.

"இல்லய்யா" என்றாள். "அந்தப் போனை இங்க குடு."

அவன் கொடுத்தான்.

"எம்மா, நான் ஆவுடை அம்மா பேசுதேன். சாத்தூரும் இல்ல ஒண்ணும் இல்ல. நானாச் சொன்னது."

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?" என்றாள் உலகம்மை.

"நீங்க கூப்பிடலையா, பயந்துட்டேன்" என்றாள் மரகதம்.

"எங்கம்மா இங்க அடுப்படியில உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. என்கிட்டச் சொல்லி என்ன அத்தை செய்ய? அவகிட்டச் சொல்லுங்க. அப்பா இப்ப வந்துருவாவ."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நடக்கிற சத்தம் கேட்டது, ஒரு கதவு, தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள், "இந்தா, பேசு" என்றது உலகம்மையின் குரல் தூரத்தில். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம், காதுக்குள்ளேயே வந்து விழுகிற மாதிரி. ஆவுடை எழுந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மைனி" என்றாள் மரகதம்.

"மைனி, நான் ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தாள்.